வாசலில் நிற்காதவர்

அவர் எந்த வீட்டின் முன்னாலும் நின்று நான் பார்த்ததில்லை. செருப்பு வார் அறுந்தால்கூட அறுந்ததை இழுத்துக்கொண்டே தெரு முழுக்க நடந்து, ரேஷன் கடைச் சுவரோரம் போய்த்தான் குனிவார். தெரிந்தவர் எதிரே வந்தால் கை உயரும், கால் நிற்காது. கேட்ட கேள்வி அவருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கித் திரும்பிப் போகும். மழை வந்தால் நனைவார். ஒதுங்க இடமில்லாத ஊரில்லை எங்கள் ஊர். வீட்டுக்கு வீடு சன்ஷேடு உண்டு. ஆனால் அவர் போய் ஒரு சன்ஷேடுக்கு அடியில் நின்றால் உள்ளேயிருந்து கதவு திறக்கும். ஒரு பெண் எட்டிப் பார்ப்பாள். முதலில் அவரைப் பார்ப்பாள். அப்புறம் திரும்பி, வீட்டுக்குள்ளே கட்டிலில் படுத்திருக்கும் யாரையோ பார்ப்பாள். அந்த இரண்டாவது பார்வையைத்தான் தாங்க முடியவில்லை என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார்.

செத்தவர்களைக் கிடத்துகிற ஐஸ் பெட்டி அவருடையது. அவருடையது என்று சொல்வதே தப்பு. அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சங்கரன்கோவிலில் திருவேங்கடம் சாலையில் ஒரு தகர ஷெட் போட்டு, ஊரில் அப்போது இருந்த ஃப்ரிட்ஜுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே என் தறிச்சாமான் கடை. வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஊருக்குப் பொதுவாக ஒரு ஐஸ் பெட்டி வாங்கினார்கள். நல்ல காரியம்தான். வாங்கிய பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. எவருடைய குடோனிலும் இடமில்லை. வெங்காய மூட்டைக்கு இடம் இருந்தது, இதற்கு இல்லை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஆயிற்றே, பழுது வந்தால் பார்த்துக்கொள்வாரே என்று ஒரு காலையில் இவர் ஷெட்டில் கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்கியவர்கள் கையைத் தட்டிவிட்டுப் போனார்கள். அப்படியே போய்விட்டார்கள்.

அதற்கப்புறம் வீட்டு ஃப்ரிட்ஜுகள் அவரிடம் வருவது குறைந்தது. பிணப்பெட்டியைத் தொட்ட கை, மாவுச் சட்டி இருக்கிற பெட்டியைத் தொடக் கூடாது என்று பெண்கள் நினைத்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலேயே ஒரு ஊர் எவ்வளவு தெளிவாகப் பேசும் என்பதை நான் அப்போதுதான் கண்டேன். சோடாக் கடையும் ஐஸ்கிரீம் வண்டிக்காரர்களும் மட்டும் வந்தார்கள். மிச்ச நேரமெல்லாம் பெட்டிதான் அவருக்கு வேலை கொடுத்தது.

ஃபோன் வந்தால் மூன்று கேள்வி கேட்பார். எந்த ஊரு? வேன் உள்ள வருமா? கரண்டு எப்படி? அவ்வளவுதான். யார் என்று கேட்கமாட்டார். ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கமாட்டார். ஒருமுறை நான் கேட்டேன், பெயரைக் கேட்டு எழுதி வைத்தால் நல்லதில்லையா என்று.

"பேரு கேட்டா ஆளாயிருவாங்க தம்பி. எனக்கு ஊரு போதும்."

சுற்றியுள்ள தறிகள் அத்தனையும் கடகடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த இரைச்சலுக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு கம்ப்ரஸரின் முனகலை மட்டும் வெளியே எடுத்துவிடுவார். சாவு வீட்டில் அழுகைக்கு நடுவிலும் அப்படித்தான். பந்தலுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காப்பி குடிக்கமாட்டார். தண்ணீரும் கிடையாது. காது மட்டும் உள்ளே இருக்கும். ஒப்பாரி ஏறி இறங்கும், அவருக்கு அது காற்று. பெட்டியின் சத்தத்தில் ஒரு நூல் பிசகினால் எழுந்து போவார்.

இப்படிப்பட்ட ஆளுக்குப் பயம் இருக்குமா? இருக்காது என்றுதான் ஊர் முடிவு செய்திருந்தது. டீக்கடைக்காரர் அவரைச் சீண்டாமல் ஒரு நாளும் டீ கொடுத்ததில்லை.

"என்னவே, எமன் ஒமக்கு மச்சானாம்லா? ஓம்மைக் கண்டா சைக்கிளை விட்டு எறங்கிப் போறானாமே?"

"நீரு டீயை ஆத்தும்வே. வாயை ஆத்தாதேயும்."

"இல்ல, தெரியாமத்தான் கேக்கேன். நித்தம் பாக்கிறீரு. பழகியிருக்கும்லா?"

அவர் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்தார். "பொணம் பழகிரும்வே. சாவு பழகாது." கிளாஸை மறுபடி எடுத்து, "இதுல சீனி கம்மிதான?" என்று கேட்டார்.

நான் அறிந்த மனிதர்களில் சாவுக்கு அவ்வளவு பயந்தவர் வேறு யாருமில்லை. இந்த ஐம்பத்து மூன்று வயதில், மாடிப்படியில் பாதியில் நின்று நெஞ்சைத் தடவிக்கொள்கிற இந்த நாட்களில், அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பிரஷர் பார்க்க ஒரு மெடிக்கலுக்குப் போவார். அங்கே சொன்னதை நம்பாமல் இன்னொரு மெடிக்கலுக்குப் போவார். இரண்டில் எது குறைவோ அதை வைத்துக்கொள்வார். பஸ்ஸில் நடு சீட்டில்தான் உட்காருவார், முன்னாலும் இடிக்கக் கூடாது, பின்னாலும் இடிக்கக் கூடாது. கோவில் புற்றுமண்ணை ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துச் சட்டைப்பையில் போட்டிருப்பார். ஃபோன் வந்ததும் ஒரு சிட்டிகை நெற்றியில், ஒரு சிட்டிகை நாக்கில்.

"ஏப்பம் எடது பக்கமாவே வருது தம்பி. நாலு நாளா."

"ஏப்பத்துக்கு எடது வலது ஏது அண்ணாச்சி?"

"நீ சிரிக்காத. மேலநீலிதநல்லூர்ல ஒருத்தர், ஏப்பம்தானன்னு சோடா வாங்கிக் குடிச்சிருக்காரு. சோடா கிளாஸை வைக்கல, ஆள் இல்ல."

அவருக்கு எல்லாச் சாவும் இப்படித்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடா இருந்தது. குளியலறையில் சோப்பு எடுக்கப் போனவர், கல்யாணப் பத்திரிகையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தவர், பேரனிடம் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தவர். மற்றவர்களுக்குச் சாவு எப்போதாவது வருகிற செய்தி. அவருக்கு அது வாரத்துக்கு மூன்று நாள் வேலை. எனவே நமக்குத் தெரியாத ஒரு கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது: தப்பித்துக்கொள்ள எந்த வழியும் இல்லை, நல்லவனாக இருப்பதும் ஒரு வழியில்லை, சீனி போடாத டீயும் ஒரு வழியில்லை. தெரிந்தும் சீனியைக் குறைத்தார். பாவம்.

ஒருநாள் பகல், கடையில் ஆள் இல்லாத நேரம், தானாகவே பேசினார்.

"காலைல வரைக்கும் 'அப்பா'ம்பாங்க. 'அம்மா'ம்பாங்க. பெட்டியை உள்ள கொண்டு வச்சிட்டா, 'எப்ப எடுக்காங்க?'ன்னுதான் கேப்பாங்க. கவனிச்சிருக்கியா? யாரை எடுக்காங்கன்னு சொல்லமாட்டாங்க. எப்ப எடுக்காங்க. அவ்வளவுதான். பாசம் இல்லாம இல்ல தம்பி, அழுதுக்கிட்டேதான் கேப்பாங்க. எனக்கு அதான் தாங்கல. அந்த மாறுதல் எந்த நிமிசத்துல நடக்குதுன்னு பாத்துக்கிட்டே இருக்கேன், இத்தனை வருசமா. பிடிபடவே இல்ல."

தொழிலில் அவர் ஒரே ஒரு தப்புச் செய்தார். அதையும் தானாகச் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது சட்டைப்பை கிழிந்து தொங்கியது. தீப்பெட்டி இல்லை. என்ன அண்ணாச்சி என்றால், கம்பியில் மாட்டிக்கொண்டது என்றார். நாலு நாள் கழித்துத்தான் வாய் திறந்தது.

கரிசல்காட்டு ஊர் ஒன்றில் இருபத்தைந்து வயதுப் பையன், பைக்கில் போய் விழுந்தவன். அண்ணன்காரன் வெளிநாட்டில். அவன் வர இரண்டு நாள் ஆகும். பெட்டியில் வைத்தாயிற்று. கூட்டமெல்லாம் கொஞ்சம் கலைந்த மத்தியானத்தில் தாய் எழுந்து வந்து இவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. மெதுவாகக் கேட்டிருக்கிறாள்.

"அய்யா, உள்ள ரொம்பக் குளிருமா?"

இவர் குனிந்துகொண்டார்.

"அவனுக்குக் குளிரு ஆவாது. மார்கழின்னா எந்திரிக்கவே மாட்டான். ரெண்டு போர்வை கேப்பான். கொஞ்சம் கொறச்சு வைங்கய்யா. கொஞ்சம்போல."

இவர் எழுந்து போய்க் குமிழைத் திருப்பிக் குளிரைக் குறைத்துவிட்டார். பதினைந்து வருஷத் தொழில் தெரிந்த மனிதர். என்ன ஆகும் என்று தெரியாதா? தெரியும். அந்த அம்மாள் பக்கத்தில் இருக்கிற வரைக்கும் என்று நினைத்திருக்கிறார். அவள் போகவில்லை. விடிய விடிய அங்கேயே கிடந்தாள். இவரும் குமிழைத் தொடவில்லை. மறுநாள் அண்ணன் வந்து குனிந்தபோது வாடை அடித்தது. பெற்ற தாயின் முன்னால் அவன் இவர் சட்டையைப் பிடித்தான்.

"சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி, ஒங்க அம்மாதான் கேட்டாங்கன்னு?"

"சொல்லி? அவன் அவளைத் திட்டவா?" கிழிந்த இடத்தைத் தடவினார். "என் சட்டைதான கிழிஞ்சுது."

இதுவரை சொன்னதில் அவரைப் பற்றி எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. இனிமேல்தான் இருக்கிறது.

என் அப்பாவுக்கும் அவருக்கும் நல்ல சிநேகம். அப்பா பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இவர் ஷெட்டை அடைத்துவிட்டு வந்து ஈயம் உருக்கிக் கொடுப்பார். எங்கள் வீடு ஒன்றில்தான் அவர் நிற்பதென்ன, உட்காரவே செய்வார். அப்பா படுக்கையில் விழுந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். உதவிக்கு வந்திருந்த என் அத்தை ஒருநாள் அடுக்களையில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, ஒனக்கு அறிவிருக்கா? அந்த ஐஸ் பெட்டிக்காரன் தெனம் வந்து தலைமாட்டுல உக்காருதான். அளவெடுக்க வந்தவன் மாதிரி. அக்கம்பக்கத்துல என்ன பேசுதாங்க தெரியுமா? வேண்டாம்னு சொல்லிரு."

நான் மறுத்திருக்கலாம். அன்றைக்கு எனக்கும் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை. மறுநாள் சாலையைக் கடந்து ஷெட்டுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, இப்போதைக்கு... வீட்டுல பொம்பளைங்க ஒரு மாதிரி..."

"சரி தம்பி. புரியுது."

நான் வாக்கியத்தை முடிக்கக்கூட இல்லை. அதை அவர் எத்தனை பேரிடம் கேட்டிருந்தால் அவ்வளவு சீக்கிரம் அந்தப் பதில் வரும்! கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். அவன் எங்கே, ஏன் வரலை, கோவமா? வேலை ஜாஸ்தி என்றேன். ஐஸ் பெட்டிக்காரனுக்கு வேலை ஜாஸ்தி என்றால் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு கேட்கவில்லை. இருபது நாள் கழித்து ஒரு காலை அப்பா போனார். கால் மணி நேரத்தில் வேன் வந்து நின்றது. எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். அத்தைதான் "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்றாள். உயிரோடிருந்தவரைப் பார்க்க விடாத வீட்டுக்குள் பெட்டியோடு அவர் நுழைந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

அடுத்த வருஷம் அவருடைய அக்காள் படுத்தாள்.

திருவேங்கடத்தில் இருந்தாள். தாயில்லாமல் போன தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். புருஷன் இல்லை. மகன் தீப்பெட்டி ஆபீஸில் வேலை, மருமகள், அவ்வளவுதான் வீடு. சர்க்கரை, அதிலிருந்து சிறுநீரகம். எழுந்து நடமாட்டம் நின்றுவிட்டது. மருத்துவர்கள் வீட்டுக்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். மகன் ஃபோன் செய்தான். ஷெட்டில் நான் இருந்தேன். ஃபோன் ஸ்பீக்கரில் கிடந்தது.

"மாமா, கோவிச்சுக்கிடாதீங்க. அம்மாவைப் பாக்கணும்னு ஒங்களுக்கு இருக்கும். எனக்குத் தெரியாம இல்ல. ஆனா தெருவுல இப்பவே, 'ஒங்க மாமா இன்னும் வரலியா'ன்னு ஒரு மாதிரி கேக்காங்க. நீங்க வந்தா அம்மாவே மனசு விட்டுருமோன்னு இருக்கு. கொஞ்சம் தேறட்டும் மாமா."

"சரி மருமவனே. புரியுது."

அதே சொல். அதே குரல். எனக்குத் தலை குனிந்தது. அவர் எழுந்து போய்ப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். தேறப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அவளை உயிரோடு பார்ப்பதா, மற்றவர்களைப் பார்த்ததுபோலப் பார்ப்பதா, இந்த இரண்டில் ஒன்றுதான் மிச்சம். ஊர் இரண்டாவதற்கு மட்டும்தான் அனுமதி கொடுத்திருந்தது. அந்த வாரம் அவர் பிரஷர் பார்க்கப் போகவில்லை. ஏப்பத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் காலை அக்காளே ஃபோனில் வந்தாள். சன்னமான குரல், ஆனால் அதட்டல் குறையவில்லை.

"ஏலே. ஃப்ரிட்ஜு ஓடல. ஊசி மருந்தெல்லாம் அதுலதான் கெடக்கு. வந்து பாரு."

"மருமவன் என்ன சொல்லுதான்?"

"அவன் என்ன சொல்ல? ஊசி கெட்டுப்போனா அவனா குத்திக்கிடப் போறான்? நீ மெக்கானிக்குதானலே? வா."

அவர் என்னைப் பார்த்தார். "தம்பி, நீயும் வாரியா? ரெண்டு பேரா சாமானத் தூக்கிட்டுப் போனா வேலைக்குப் போற மாதிரி இருக்கும்."

வேனை எடுக்கவில்லை. அந்த வெள்ளை வேனை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டவுன் பஸ்ஸில் போனோம். அவர் மடியில் கருவிப் பை, என் காலிடுக்கில் ஃப்ரிட்ஜுக்கு அடைக்கிற சின்ன கேஸ் சிலிண்டர். நடு சீட். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல் மழைக்குக் காத்துக் கிடந்தது. தெருவுக்குள் நுழையும்போது சிலிண்டரை என்னிடமிருந்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று.

"ஃப்ரிட்ஜ் ரிப்பேரு, ஃப்ரிட்ஜ் ரிப்பேரு" என்று கேட்காதவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டே நடந்தார்.

கட்டில் முன்னறையில் கிடந்தது. அதற்கு நேர் எதிரே ஃப்ரிட்ஜ். அக்காளை அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு நேராக ஃப்ரிட்ஜின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மேலறையைத் திறந்தார். ஐஸ் சேர்கிற தகட்டில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார். ஓர் இடத்தில் நுரை குமிழ்விட்டது. கத்தியால் குத்திய ஓட்டை. கேஸ் முழுக்க வெளியேறியிருந்தது. ஐஸைக் கத்தியால் நோண்டாதீர்கள் என்று ஊரிலுள்ள பெண்களிடமெல்லாம் தொண்டை வற்றச் சொன்னவர்.

அவர் திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். எழுந்து உட்காரவே முடியாத அக்காள். கத்தி எடுத்து இவ்வளவு தூரம் வந்து குத்தியிருக்க முடியாது. அடுக்களை வாசலில் மருமகள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஐஸு கெட்டியா இருந்திச்சு சித்தப்பா. கத்தியால ஒரு குத்து குத்திட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஊசி மருந்தை முன்னாடியே எடுத்துப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுல வச்சிட்டேன்."

மருந்தை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் குத்தியிருக்கிறாள். கட்டிலிலிருந்து இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"சின்னப் பிள்ள. தெரியாமச் செஞ்சிட்டா. திட்டாதலே" என்றாள் அக்காள்.

"எத்தனை நாளாகும் சித்தப்பா?" என்று கேட்டாள் மருமகள்.

ஒரே பகலில் முடிகிற வேலை. அவர் அதைச் செய்ய நானே பார்த்திருக்கிறேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஓட்டையை அடைக்கணும். காத்தடிச்சு ஒரு நாள் பாக்கணும். ஈரத்தை எடுக்கணும். அவசரப்பட்டா மறுபடி லீக்காகும். எப்படியும் ஒரு வாரம்."

மாலையில் மகன் வந்து முகத்தைச் சுளித்தான். ஒரு வாரமா என்றான். "அவசரப்பட்டா லீக்காகும்ங்க" என்றாள் அவன் மனைவி, பெரிய மெக்கானிக் மாதிரி.

தினமும் போனோம். என் கடையைப் பாதி நாள் அடைத்தேன். என் கடனில் ஒரு துளியாவது கழியட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அவர் ஒரு திருகைக் கழற்றுவார், அக்காளோடு பேசுவார், அதே திருகை மாட்டுவார். சின்ன வயதில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அவர் தொலைந்துபோனது, வாழைப்பழம் வாங்கித் தருகிறேன் என்ற யாரோ ஒரு போலீஸ்காரரைக் கடித்து வைத்தது, எல்லாம் வந்தது. மருமகள் தரையில் உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பாள். அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் பிரிந்து கிடந்த அந்த நாட்களைப்போல ஒரு நோயாளி வீட்டை நான் கண்டதில்லை.

ஐந்தாம் நாள் அக்காள் பேச்சின் நடுவே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். அப்படியே சொன்னாள்.

"ஏலே. எனக்குப் பயமா இருக்குலே."

அவர் கையில் சோப்பு நுரை.

"நீ எத்தனை பேரைப் பாத்திருக்க. கடைசியில மொகம் எப்படிலே இருக்கும்? வலிச்ச மாதிரியா, தூங்குத மாதிரியா? பொய் சொல்லாத. ஒங்கிட்டதான் கேக்க முடியும்."

நான் வெளியே போக எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நுரை கையிலேயே காய்ந்தது.

"எனக்குத் தெரியாதுக்கா."

"என்னலே தெரியாது?"

"நான் மொகத்தப் பாத்ததே இல்லக்கா. ஒருத்தரு மொகத்தக்கூட. காலைப் பாப்பேன். மீட்டரைப் பாப்பேன். மூடியை மாட்டும்போது வேற பக்கம் திரும்பிக்கிடுவேன். பயம்க்கா. இத்தனை வருசமும் பயம்தான்."

இத்தனை வருஷம் அவரோடு உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியாது. என் அப்பாவை அவர் பார்க்கவில்லை. பார்க்க வந்தபோது நான் விடவில்லை, விட்டபோது அவர் பார்க்கவில்லை.

அக்காள் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாந்ததுபோல் முதலில் இருந்தது அவள் முகம். பிறகு ஏதோ இளகியது.

"சரியான தொடைநடுங்கி" என்றாள். "இங்கன வாலே. அந்தச் சாமானையெல்லாம் போட்டுட்டு வா. என் மொகத்தப் பாரு. இப்பவே நல்லாப் பாத்துக்கோ. அன்னைக்கு வந்து வேற எங்கயாச்சும் பாத்தியோ, தெரியும் சேதி."

அவர் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தார். மருமகள் எழுந்து அடுக்களைக்குள் போனாள். அங்கே பாத்திரம் ஒன்றும் உருளவில்லை, தண்ணீரும் விழவில்லை.

ஏழாம் நாள் ஃப்ரிட்ஜ் ஓடியது. ஓடித்தான் தீர வேண்டும், மகன் பொறுமை இழந்திருந்தான். சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது மருமகள் தெருவாசல் வரை வந்தாள். எதிர்வீட்டுப் பெண்கள் இருவர் நின்றிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"நாளைக்கும் வாங்க சித்தப்பா. இனி ரிப்பேரு ஒண்ணும் இல்ல. அத்தையப் பாக்க வாங்க. யாராச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

பதினோரு நாள் போனார், கையில் ஒரு ஸ்பானர்கூட இல்லாமல்.

இதற்குப் பிறகு அவருக்குச் சாவுபயம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. இரண்டு மெடிக்கல், குறைந்த பிரஷர், இடது பக்கத்து ஏப்பம் எல்லாம் திரும்பி வந்தன. சில வருஷம் கழித்து ஷெட்டைக் காலி செய்துவிட்டு மகள் ஊருக்குப் போனார். போகும்போதும் ஒரு தீப்பெட்டி நிறையப் புற்றுமண் எடுத்துக்கொண்டுதான் போனார். இப்போது எங்கள் ஊரில் ஏழெட்டு ஐஸ் பெட்டிகள் இருக்கின்றன. யாருக்கும் எதற்கும் அதிர்ச்சியில்லை. நானும் களைத்துவிட்டேன். இருந்தாலும் அக்காளை எடுத்த நாளை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் ஃபோன் வந்ததும், "பெட்டிக்கு வேற ஆளைச் சொல்லுங்க. நான் தம்பியாத்தான் வருவேன்" என்றார். பிறந்த வீட்டுக் கோடித்துணியாக எங்கள் ஊர்த் தறியில் நெய்த நூல் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். கோவில்பட்டிப் பக்கமிருந்து யாரோ பெட்டி கொண்டுவந்திருந்தார்கள். கண்ணாடி முழுக்க உள்ளே வேர்த்திருந்தது. வெள்ளையாக ஒரு புகைக்குள் ஏதோ கிடப்பதுபோல் இருந்ததே தவிர முகம் தெரியவில்லை. பெட்டிக்காரருக்கு இவரை அடையாளம் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, நல்ல வேளை வந்திய. என்னன்னு தெரியல, வேத்துக்கிட்டே இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

கூடியிருந்த எல்லோரும் இவர் குனிந்து மெஷினைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தார்கள். சத்தத்திலேயே அவருக்குப் பிடிபட்டிருக்கும் என்ன கோளாறு என்று. அவர் குனியவில்லை. சேலையை மருமகளிடம் கொடுத்தார். தலைமாட்டுக்குப் போனார்.

"மூடியைத் தூக்கும்வே."

"குளிரு போயிரும் அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெரியாததா?"

எத்தனையோ வீடுகளில், கடைசியாக ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன் என்று வந்தவர்களிடம் அவரே சொன்ன பேச்சு அது.

"போகட்டும்வே."

மகனும் பெட்டிக்காரருமாக ஆளுக்கொரு பக்கம் மூடியைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர் குனிந்து பார்த்தார். கண்ணைத் துடைக்கக்கூட முகத்தைத் திருப்பவில்லை. தூக்கிப் பிடித்தவர்களுக்குக் கை வலித்தது. வேறு இரண்டு பேர் வந்து மாற்றிப் பிடித்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.